ஊர் ஏலம் விட்ட வார்டில் நான் நிற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு நிற்க ஆசைப்படுகிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை, மகளிர் குழுவில் இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் கோயில் திருப்பணிக்கென்று அந்தப் பதவியை ஏலம் விட்டுவிட்டார்கள். எடுத்தவரைத் தவிர வேறு யாரும் மனுப் போடக் கூடாதாம். மீறினால், கோயிலுக்காக வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரியை எங்களிடம் வாங்காமல் ஒதுக்கி வைப்பார்களாம். எங்களுடையது பெண்கள் வார்டும் இல்லை, பொது வார்டு. என்ன செய்வது?

பதில்: தாராளமாக நிற்கலாம். பொது வார்டு என்றால் ஆண்கள் வார்டு என்று அர்த்தமில்லை, அதில் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். கட்சியும் தேவையில்லை, ஏனென்றால் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பில்லாமல்தான் நடக்கின்றன. 21 வயது நிறைந்து, உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

ஏல விஷயத்துக்கு வருவோம். அந்தப் பதவி வாக்காளர்களுடையது, அதை விற்க ஊர்க்கூட்டத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் தேர்தல் உரிமை என்று சொல்வது ஓட்டுப் போடுவதை மட்டுமல்ல, வேட்பாளராக நிற்பது, நிற்காமலிருப்பது, மனுவை வாபஸ் வாங்குவது எல்லாம் அதில் அடங்கும். அதனால் மற்றவர்கள் ஒதுங்குவதற்காகப் பணம் கொடுத்தால் 170-வது பிரிவின்படி லஞ்சம். கோயிலுக்குத்தானே போகிறது என்பதால் அது நியாயமாகிவிடாது. வரி வாங்க மாட்டோம், ஒதுக்கி வைப்போம் என்று வேட்பாளரை மிரட்டுவது 171-வது பிரிவில் வரும் முறையற்ற செல்வாக்கு. இரண்டுக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தக் குற்றங்களில் நீதித்துறை நடுவர் அனுமதியில்லாமல் போலீஸ் நேரடியாக விசாரணையைத் தொடங்க முடியாது, ஸ்டேஷனில் தயங்குவார்கள். ஆகவே மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் முதலில் எழுதுங்கள். கூட்டம் நடந்த தேதி, யார் என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே எழுதி, ஒப்புகை வாங்கி வையுங்கள். 2019 தேர்தலின்போது இப்படி ஏலச் செய்திகள் வந்ததும் ஆணையம் எச்சரிக்கை விடுத்தது.

இந்த ஏலம் பலிப்பதே வாபஸ் நேரம் முடியும்போது ஒரே ஒரு வேட்பாளர் மிஞ்சினால்தான், அப்போதுதான் அவர் போட்டியின்றித் தேர்வாவார். நீங்கள் களத்தில் இருந்தால் வாக்குப்பதிவு நடந்தே தீரும். அதனால் நெருக்கடியெல்லாம் மனுத் தாக்கலுக்கும் வாபஸுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களில்தான் வரும், தயாராக இருங்கள். யார் கேட்டாலும் வெற்றுத்தாளிலோ வாபஸ் படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்காரர் கேட்டாலும் சரி. முன்மொழிபவர் உங்கள் வார்டு வாக்காளராக இருக்க வேண்டும், அதோடு மிரட்டலுக்குப் பணியாதவராகவும் பாருங்கள். மகளிர் குழுவில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார்.

அப்புறம் வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் இன்றே கட்டி ரசீது வாங்குங்கள். ஊராட்சிக்கு நிலுவை வைத்திருப்பது தகுதி நீக்கக் காரணமாகலாம், மனுப் பரிசீலனையின்போது எதிர்த்தரப்பு முதலில் கிளப்புவது இதைத்தான். அன்று நீங்களே நேரில் போய் நில்லுங்கள். மனுவைத் தவறாக நிராகரித்தால் தேர்தல் முடிந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம், ஆனால் அது நீண்ட பாதை.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2019-ல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100 ரூபாய், செலவு வரம்பு 9,000 ரூபாய். இந்த முறைக்கான தொகையை மனுப் படிவம் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். தோற்றாலும்கூட முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் 3 ஆண்டுகள் போட்டியிட முடியாமல் போய்விடும்.