குறைமாதத்தில் பிறந்த மகன் 4 வயதிலும் ஒல்லியாகவே இருக்கிறான். காரணம் குறைப்பிரசவமா, எங்கள் மரபணுவா?

31 வாரத்தில் 1.5 கிலோவாகப் பிறந்தவன், இப்போது 4 வயதில் 13.2 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மகள் 30 வாரத்தில் 1.3 கிலோவாகப் பிறந்தாள், இப்போது அவளுக்கு 9 வயது. இதே கேள்வியை மூன்று வருடம் மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

31 வாரத்துக்கு 1.5 கிலோ சரியான எடைதான். உங்கள் மகன் சீக்கிரம் பிறந்திருக்கிறான், அவ்வளவுதான். வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி தடைபட்டுச் சின்னதாகப் பிறக்கும் குழந்தைகளின் கதை வேறு. அவர்கள் 2, 3 வயதாகியும் உயரத்தில் எட்டிப்பிடிக்கவில்லை என்றால் ஹார்மோன் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள்.

பிறந்த எடையில் அப்பா அம்மா ஜாடையைத் தேடவும் வேண்டாம். 1938இல் கேம்பிரிட்ஜில் ஒரு சோதனை செய்தார்கள். ராட்சத ஷயர் குதிரையையும் குள்ளமான ஷெட்லாண்ட் குதிரையையும் இரண்டு விதமாகக் கலந்தார்கள், ஒன்றில் தாய் ஷயர், இன்னொன்றில் தாய் ஷெட்லாண்ட். ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி மற்றதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை! கலப்பு அதேதான், சுமந்த வயிறுதான் வேறு. (இதைப் படித்த அன்று, என் உடம்புதான் காரணமோ என்ற குற்ற உணர்ச்சி வேறு வந்து தொலைத்தது. நல்லவேளை, ரொம்ப நாள் நீடிக்கவில்லை.)

மரபணு தன் வேலையைக் காட்டுவது மெதுவாகத்தான். எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வடிவம் உடல் பருமனோடு தொடர்புடையது என்று 2007இல் கண்டார்கள். அதை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்ற பெரியவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். ஆனால் பிறந்த எடையில் அதன் தடயமே இல்லை, 7 வயது வாக்கில்தான் தெரிய ஆரம்பித்தது. இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோதும் அப்படித்தான். பிள்ளைகளுக்கிடையே உள்ள ஒல்லி குண்டு வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு 4 வயதில் சுமார் பாதி, 10, 11 வயதில் முக்கால்வாசிக்கு மேல்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் அவளை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் சுவரோரம் நிற்கவைத்து அளந்தார். என் கணவர் 163 செ.மீ., நான் 150. இரண்டையும் கூட்டி, பெண் என்பதால் 13 கழித்து, இரண்டால் வகுத்தால் 150 செ.மீ., அதுதான் வளர்ந்து முடித்தபின் அவளிடம் எதிர்பார்க்கக்கூடிய உயரம். (பையன் என்றால் 13 கூட்ட வேண்டும்.) அதற்கு மேலும் கீழும் எட்டு சென்டிமீட்டர் போல விட்டுக்கொள்ளலாம். "உங்க வீட்டுக்கு இவ சரியாத்தான் வளர்றா" என்றார். வீட்டுக்கு வந்து என் மாமியார் பழைய ஆல்பத்தை எடுத்தார். மூன்றாம் வகுப்பு குரூப் போட்டோவில் என் கணவர் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், ஒட்டடைக்குச்சி மாதிரி. முழு மாதத்தில், மூன்று கிலோவாகப் பிறந்தவர்!

அதுவரை நெய்யும் சத்துமாவும் ஊற்றி ஊற்றித் திணித்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தியதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். முதல் மாதங்களில் ஊட்டம் குறையவே கூடாது, அது மூளை வளரும் நேரம். ஆனால் அதற்குப் பிறகு வேகவேகமாக ஏற்றும் எடை கொழுப்பாகத் தங்கினால், பின்னாளில் சர்க்கரைக்கு வழி. நம் ஊர்க் குழந்தைகள் ஒல்லியாகப் பிறந்தாலும் உள்ளே கொழுப்பு குறைவதில்லை என்று புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழு காட்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையில் 4 வயதுப் பையனின் நடுக்கோடு 16.3 கிலோ, கீழ்க்கோடு 12.7. உங்கள் மகன் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறான். இரண்டு வயதிலிருந்தே அந்த இடத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறானா, இல்லை மேலிருந்து இறங்கி வந்திருக்கிறானா? இறங்கியிருந்தால் மரபணு என்று சும்மா இருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆமாம், எடையை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அவன் உயரம் என்ன? உங்கள் இருவரின் உயரம்?