விண்டோஸ் அப்டேட்டை நிறுத்த வெளி மென்பொருள் போடலாமா?

உங்கள் கேள்வி இது: வீட்டில் விண்டோஸ் 11 ஹோம் லேப்டாப், நெட் மொபைல் ஹாட்ஸ்பாட்டில். அப்டேட் டேட்டாவைத் தின்கிறது, வேலை நடுவில் ரீஸ்டார்ட் கேட்கிறது. யூடியூபில் ஒரு அப்டேட் பிளாக்கரைக் காட்டுகிறார்கள், போடலாமா?

போட்டால் வேலை செய்யும். நானே பத்து இருபது மெஷினில் போட்டவன்தான். ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்குக் காரணம் ஒரு அரிசி மண்டி.

விருதுநகர்ப் பக்கம் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. அந்த மண்டி வாசலில் எடை மேடை உண்டு. லாரி ஏறி நின்றதும் உள்ளே கம்ப்யூட்டரில் எடை விழுந்து சீட்டு அடிக்கும். ஒருநாள் எடை மேடைக்காரர்கள் மென்பொருளை மாற்ற வந்தார்கள். அதற்கு டாட்நெட் 3.5 வேண்டும், சில மென்பொருள்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் அடித்தளம் அது. அது விண்டோஸோடு வரும் சமாசாரம்தான். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் டிக் அடித்தால் நெட்டிலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். இங்கே இறங்கவில்லை. 80070422 என்று முடிகிற ஒரு பிழை எண் வந்து நின்றது.

எனக்கு போன் வந்தது. போனிலேயே அரைமணி நேரம் அதை இதைச் சொல்லிப் பார்த்துவிட்டு நேரில் போனேன். வெளியே மூன்று லாரி. டிஎன்எஸ் மாற்றினேன், ஆன்டிவைரஸைத் திட்டினேன், வேறு நெட் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில், விண்டோஸின் பின்னணி வேலைகளைப் பட்டியல் போடும் சர்வீசஸ் ஜன்னலைத் திறந்தால் விண்டோஸ் அப்டேட் என்ற வரிக்கு நேரே 'டிஸேபிள்ட்'. மாற்றப் போனால் அனுமதி இல்லை என்றது. யார் இப்படிச் செய்தது என்று நான் முணுமுணுத்தது மண்டிக்கார அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது.

"போன வருசம் நீதானய்யா எதையோ அமுக்கி, இனிமே தொல்லை இருக்காது அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போன?"

டி டிரைவில் பார்த்தேன். 'டூல்ஸ்' ஃபோல்டருக்குள் நான் வைத்த அந்தக் குட்டி மென்பொருள் அப்படியே இருந்தது. பதினான்கு மாதம்! மெஷின் ஒரு பேட்ச்கூட, அதாவது ஓட்டை அடைக்கும் ஒரு திருத்தம்கூட, வாங்கவில்லை. அன்றைக்குக் கூலி வாங்கவில்லை, கேட்க முகமும் இல்லை.

அந்த 80070422-க்கு அர்த்தமே 'இந்த சர்வீஸ் முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது' என்பதுதான். ஒரு நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். நாமே பூட்டிய பூட்டு என்று யாருக்குத் தோன்றும்?

இந்த பிளாக்கர்கள் உள்ளே செய்வது பெரிய வித்தை இல்லை. விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்தி முடக்குகின்றன. முடக்கினால் மட்டும் நிற்காது. விண்டோஸ் 10 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் 'அப்டேட் மெடிக்' என்று இன்னொரு சர்வீஸைக் காவலுக்கு வைத்துவிட்டது. முடக்கியதை அது மறுபடி எழுப்பிவிடும், அதை நாம் சாதாரணமாக முடக்கவும் முடியாது. அதனால்தான் கையால் டிஸேபிள் செய்தவர்கள் 'நாலு நாள் கழித்துத் திரும்ப வந்துவிட்டது' என்று புலம்புகிறார்கள். சோர்டம் தளத்தின் விண்டோஸ் அப்டேட் பிளாக்கர் போன்றவை இதற்கென்றே 'புரொடெக்ட் சர்வீசஸ் செட்டிங்ஸ்' என்று ஒரு டிக் வைத்திருக்கின்றன. சர்வீஸின் அனுமதிகளையே மாற்றி, யாரும் தொட முடியாதபடி செய்துவிடும். மண்டியில் எனக்கு அனுமதி மறுக்கப்பட்டதும் அந்த மாதிரி ஒரு பூட்டால்தான்.

அந்த சர்வீஸ் அப்டேட்டுக்கு மட்டும் என்று நினைத்ததுதான் என் தப்பு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஆப் இறக்க அது வேண்டும். டாட்நெட் 3.5 மாதிரி உதிரிகளுக்கு வேண்டும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் விவரங்களும் வழக்கமாக அந்தப் பாதையில்தான் வருகின்றன. பிளாக்கர் போட்டவர்களில் பாதிப்பேர், அப்டேட்டை நிறுத்தினால் என்ன, ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்கிறார்கள். அந்த ஆன்டிவைரஸுக்கும் சாப்பாடு அதே வாசல் வழியாகத்தான் வருகிறது.

அப்டேட்டே தலைவலி ஆகும் என்பதை நான் மறுக்கவில்லை. 2018 அக்டோபர் 2-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் நாலே நாளில் அதை நிறுத்திவைத்து, நவம்பர் 13-ல்தான் மறுபடி வெளியிட்டது. அந்த நாலு நாளில் அடிபட்டவர்கள், பெரும்பாலும் தாங்களாகவே 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பட்டனை அமுக்கி முந்திக்கொண்டவர்கள். சும்மா இருந்தவர்களுக்கு அது வந்துசேரவே இல்லை. அந்தப் பட்டனைப் பொழுதுபோகாமல் அமுக்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இதற்கு மறுபக்கம் வானாக்ரை என்ற புழு. 2017 மே 12-ல் உலகம் முழுக்க மெஷின்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே பேட்ச் கொடுத்துவிட்டது. நடுவில் 59 நாள். விண்டோஸ் 11-ல் எந்த மென்பொருளும் இல்லாமல் நீங்களே அப்டேட்டை 35 நாள் வரை 'பாஸ்' செய்யலாம், அதாவது தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். அந்த 35 நாளை முழுசாகத் தள்ளியவர்கூட வானாக்ரைக்கு முன்னால் பேட்ச் வாங்கியிருப்பார். என் மண்டி மெஷின் மாதிரிப் பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது மாட்டியிருக்கும். நான் தள்ளிப்போடுகிற கட்சிதான். முழுசாக மூடுவதுதான் எனக்கு ஆகாது. (2008-ல் வந்த கான்ஃபிக்கர் புழு மெஷினுக்குள் புகுந்ததும் செய்த வேலைகளில் ஒன்று, விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்துவது. அதே வேலையை நாம் நம் கையாலேயே செய்துகொள்கிறோம்.)

எல்லா வெளி மென்பொருளையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க புரோகிராமர் எழுதிய 'இன்கன்ட்ரோல்' எனக்குப் பிடிக்கும். அது எந்த சர்வீஸையும் முடக்குவதில்லை. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிற பாலிசி இடத்தில், 'இந்தப் பதிப்பிலேயே நில்' என்று எழுதிவைக்கும், அவ்வளவுதான். மாதாந்தரப் பாதுகாப்பு பேட்ச்கள் வழக்கம்போல வரும். வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் மட்டும் வராது. அந்தப் பதிப்புக்கு ஆயுசு முடிந்துபோனால் இந்தப் பாலிசியையும் மீறி விண்டோஸ் மேலே ஏற்றிவிடும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாலிசி புரோ முதலான பதிப்புகளுக்கு என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. நீங்கள் ஹோம், அதனால் அதை நம்பி உட்கார வேண்டாம். புரோவில் குரூப் பாலிசி எடிட்டர் இருக்கிறது, 'இறக்கும் முன் கேள்' என்று அதிலேயே வைத்துவிடலாம். அங்கே எனக்கு எந்த மென்பொருளும் தேவைப்பட்டதில்லை.

டபிள்யூயு மேனேஜர் மாதிரிப் பட்டியல் காட்டுபவை இன்னொரு ரகம். என்னென்ன அப்டேட் காத்திருக்கிறது என்று காட்டும், வேண்டியதை மட்டும் இறக்கலாம், பிரிண்டரைக் கெடுக்கிற டிரைவரை மறைத்துவைக்கலாம். கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளுக்குச் சரி. உங்கள் வீட்டுக்கு அது இன்னொரு வேலை.

யூடியூப் லிங்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு போட்ட ஸிப் ஃபைல், 'முதலில் டிஃபெண்டரை ஆஃப் செய்யுங்கள்' என்ற அறிவுரை, இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த வீடியோவை மூடிவிடுங்கள். அட்மின் அதிகாரத்தோடு ஓடப்போகிற ஒரு மென்பொருளுக்குக் காவலாளியையும் வெளியே அனுப்பச் சொல்கிறார்கள்.

உங்கள் லேப்டாப்புக்கு நான் செய்து தருவது இதுதான். வைஃபை செட்டிங்கில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன். அளந்து செலவழிக்க வேண்டிய நெட் இது என்று விண்டோஸுக்குச் சொல்வதுதான் அது. டேட்டா பிரச்சினை இதிலேயே முக்கால்வாசி தீரும், ஏனென்றால் பெரும்பாலான அப்டேட்கள் மீட்டர்டு நெட்டில் இறங்காமல் காத்திருக்கும். விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'ஆக்டிவ் அவர்ஸ்' 18 மணி நேரம் வரை வைக்கலாம். காலை ஆறு முதல் நள்ளிரவு வரை வைத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அங்கேயே 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' ஆஃப். இல்லாவிட்டால், மீட்டர்டு போடாத நெட்டில், அமைப்பைப் பொறுத்து நீங்கள் இறக்கியதில் கொஞ்சத்தை மற்ற மெஷின்களுக்கும் அது அனுப்பக்கூடும். மாதம் ஒருமுறை பிராட்பேண்டு இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப்போய் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

மாதப் பேட்ச் வருவது மாதத்தின் இரண்டாவது செவ்வாய். நமக்கு அது இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். நான் அந்த வாரம் தொடமாட்டேன். ஏதாவது உடைந்தால் அதற்குள் ஊரே கத்திவிடும். அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மண்டி லீவில் போய்ப் போடுவேன். அண்ணாச்சி தினசரிக் காலண்டரில் அந்த ஞாயிறைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், முந்தின நாளே போன் வந்துவிடும்.

ஏற்கெனவே ஏதாவது பிளாக்கரை ஓட்டிவிட்டீர்களா? அப்படியானால் ஃபைலை அழித்துவிடாதீர்கள். அழித்தாலும் அது மாற்றிய அமைப்புகள் அப்படியே நிற்கும். அதையே திறந்து, 'புரொடெக்ட் சர்வீசஸ் செட்டிங்ஸ்' மாதிரி டிக் இருந்தால் அதை எடுத்து, 'எனேபிள்' கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, சர்வீசஸில் விண்டோஸ் அப்டேட்டுக்கு நேரே 'மேனுவல்' என்று வந்திருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகு ஃபைலை அழிக்கலாம்.