பிள்ளைக்கு ஒத்துக்காத சாப்பாடும் பள்ளிக்கூடமும்: வாசகர் கேள்வி – பதில்

என் மகனுக்கு 6 வயது, எடை 20 கிலோ. கடலைமிட்டாய் தின்று இரண்டு முறை உதடு வீங்கியது. இரண்டாம் முறை வாந்தியும் இளைப்பும் வந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். "கடலை மட்டும் கொடுத்துடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். போதுமா?
– வாசகி, தேவகோட்டை

போதாது. அந்த டீச்சர் லீவு போடும் நாளில் நீங்கள் சொன்ன சொல்லும் லீவு. தவிர, "கடலை" என்பது நம் பக்கத்தில் ஒரு பொருள் அல்ல. பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு எல்லாமே கடலைதான். கேட்பவர் எதை நினைத்துக்கொண்டார் என்று உங்களுக்குத் தெரியாது. "நிலக்கடலை, அதாவது வேர்க்கடலை, கடலைமிட்டாய், கடலைச் சட்னி, கடலெண்ணெய்" என்று முழுசாக எழுதிக் கொடுங்கள்.

ஒரே தாள், தமிழில், மருத்துவர் கையெழுத்துடன். மேலே பிள்ளையின் போட்டோ, எடை, ஒத்துக்காத பொருள், உங்கள் வீட்டு எண்கள் இரண்டு. கீழே, என்ன கண்டால் என்ன செய்வது. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், விளையாட்டு ஆசிரியர், சமையல்கூடம், வேன் டிரைவர் என ஆளுக்கு ஒரு நகல். வேனை மறந்துவிடாதீர்கள், பிள்ளைகள் தின்பண்டத்தைப் பங்குபோட்டுக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

அந்தத் தாளில் இருக்க வேண்டிய அடையாளங்கள் இவை. ஒத்துக்காததைத் தின்ற சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, அரிப்பு மட்டும் வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்த அரிப்பு மருந்தைக் கொடுத்து, பிள்ளையைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குரல் கம்மினால், விடாமல் இருமினால், மூச்சு இளைத்தால், எச்சில் விழுங்க முடியாமல் போனால், முகம் வெளிறி துவண்டால், அல்லது தடிப்போடு அடுத்தடுத்து வாந்தி எடுத்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அதற்கு மருந்து ஒன்றுதான்: அட்ரினலின் ஊசி. செட்ரிசின் மாத்திரையோ சிரப்போ அரிப்பை அடக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்காது, இறங்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. "மாத்திரை கொடுத்திருக்கோம், கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான் பிள்ளைகளைப் பறிக்கிறது. தடிப்பைப் பார்த்ததும் காணாக்கடி என்று மிளகும் வெற்றிலையும் கொடுத்துக் காத்திருப்பதும் அதே தவறுதான்.

அளவு: எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பிள்ளைகளுக்கு அதிகபட்சம் ஒரு தடவைக்கு 0.3 மில்லிகிராம். உங்கள் மகனுக்கு 0.2 மில்லிகிராம். 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும் ஆம்பூலில், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில், அது 0.2 மில்லி. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கச் சதையில் போட வேண்டும். அவசரத்தில் டவுசர் துணிக்கு மேலேயே போடலாம். சரியாகவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி. ஆகவே எப்போதும் இரண்டு டோஸ் இருக்க வேண்டும். எடை கூடக்கூட அளவும் மாறும். ஒவ்வொரு ஜூனிலும் எடை பார்த்துத் தாளைத் திருத்தி வாங்குங்கள்.

தானாகவே ஊசி இறங்கும் பேனா வகை நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. பதற்றத்தில் ஆம்பூலை உடைத்து அளந்து ஏற்றுவது பழகாதவர் கைக்கு வராது. சரியான அளவை 1 மில்லி சிரிஞ்சில் முன்கூட்டியே ஏற்றித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் தேதியில், எப்படியும் 3 மாதம் தாண்டாமல், புதிதாக மாற்றுங்கள். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம்: அதன் ஊசி குட்டை, சதைவரை போகாது, அதிலுள்ள யூனிட் கோடுகளும் அளவைக் குழப்பிவிடும். பள்ளியில் குறைந்தது இரண்டு பேர் மருத்துவரிடமோ செவிலியரிடமோ போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

மருந்துக்கு ஆகாதவை வெயிலும் வெளிச்சமும். 25 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில், இருட்டான டப்பாவில் இருக்கட்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. காரைக்குடி வெயிலில் நிற்கும் வேனிலோ ஜன்னலோரப் புத்தகப்பையிலோ கிடந்த மருந்தை நம்ப முடியாது. நிறம் மாறினால் எறிந்துவிடுங்கள். பூட்டிய பீரோவில் வைத்துச் சாவியோடு ஆபீஸ் கிளார்க் மதிய சாப்பாட்டுக்குப் போய்விடும் ஏற்பாடும் வேண்டாம்.

ஊசி போட்டதும் 108. பிள்ளையைப் படுக்கவைத்து, கால்களைப் புத்தகப்பை மேல் உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரவைக்கலாம். நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. முக்கியமாக, பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கிய பிள்ளை நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, நொடியில் நினைவிழக்கும். நன்றாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும், ஆகவே மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்துதான் வீடு திரும்ப வேண்டும்.

பேத்திக்கு வேர்க்கடலை ஆகாது. ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு வீட்டுப் பலகாரம்தானே நல்லது என்று தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை செய்து அனுப்புகிறேன். கடலை எதிலும் போடுவதில்லை. ஆனாலும் ஒருநாள் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. எங்கே பிழை?
– ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

ஆச்சி, மாவைவிட எண்ணெயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். ஒவ்வாமையைத் தூண்டுவது அந்தப் புரதம்தான். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்ததில் அது பெரும்பாலும் போய்விடும், என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அடுத்தது, எண்ணெய் எதுவானாலும் முந்தின நாள் மசால்கடலை பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்துத் தேன்குழல் பிழிந்தால், கடலைத் தூள் அதிலேயே இருக்கிறது. காய்ச்சுவதால் அதன் வீரியம் போகாது. வறுத்த கடலை இன்னும் கடுமை.

பேத்தியின் பங்கைப் புது எண்ணெயில் முதல் ஈடாக எடுத்துவிடுங்கள். பேர் எழுதிய தூக்குவாளியில் போட்டு மூடிய பிறகு மற்ற ஈடுகளைப் போடுங்கள். அரிகரண்டி, தேன்குழல் அச்சு, மிக்சி ஜாரின் ரப்பர் வளையம் மூன்றிலும் பழைய மாவு ஒளிந்திருக்கும். கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அம்மியும் ஆட்டுரலும் கழுவினாலும் குழிகளில் தங்கும், அவளுக்கென்று தனி ஜார் வைப்பது சுலபம். மில்லில் மாவரைக்கும்போது உங்களுக்கு முன்னால் அரைத்தவர் சாமான் கொஞ்சம் உங்கள் தூக்குவாளியில் விழும். அங்கே கடலையோ எள்ளோ அரைப்பார்கள் என்றால் பேத்தியின் மாவை வீட்டில் அரையுங்கள்.

கடையில் வாங்கினால் மனகோலத்தில் பொட்டுக்கடலையோடு வேறு பருப்பு கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். குருமாவில் முந்திரிக்குப் பதில் வேர்க்கடலையை அரைத்து விடும் கடைகள் உண்டு. பாக்கெட் பண்டத்தில் லேபிளைப் படியுங்கள்: நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால்–நண்டு வகை, சோயா, கோதுமை வகை ஆகியவற்றைத் தனியாக அறிவிக்க வேண்டும் என்பது 2020 லேபிள் விதி. எள் அந்தப் பட்டியலில் இல்லை. எள் ஆகாத பிள்ளை வீட்டார் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் இல்லாத அடுப்படி நம் பக்கத்தில் ஏது?

என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முந்திரியும் வேர்க்கடலையும் ஆகாது. அவளைத் தனியாக உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறோம். சரியா?
– ஆசிரியை, பள்ளத்தூர்

தனியாக வேண்டாம், டீச்சர். ஒதுக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை நாக்கு அரித்தாலும் வாய் திறந்து சொல்லாது. சின்னப் பிள்ளைகள் "நாக்கு சுரசுரங்குது", "தொண்டையில் என்னமோ இருக்கு" என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லை நீங்கள் கேட்கும் தூரத்தில் அவள் இருக்க வேண்டும். ஆகாத பொருள் கொண்டுவராத இரண்டு தோழிகளோடு ஒரு ஓரமாக உட்காரட்டும்.

பக்கத்து டப்பாவின் வாசனையால் கடும் பாதிப்பு வருவது மிக அரிது. ஆபத்து கைவழியாக வாய்க்குப் போவதில். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும், கடலைப் புரதத்தை எடுக்காது. பெஞ்சையும் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். பிறந்தநாள் சாக்லேட்டுக்கு மாற்றாக அவள் அம்மா கொடுத்த மிட்டாய் டப்பா ஒன்று உங்கள் மேசையில் இருக்கட்டும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் மகளுக்கு முட்டை ஆகாது. சத்துணவு சாப்பிடலாமா?
– வாசகி, புதுவயல்

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கேட்டு வாங்கலாம். அதைவிட, முட்டை உரித்த கையும் முட்டை மசாலாவில் போட்ட கரண்டியும் அவள் சோற்றில் படக் கூடாது. சமைக்கும் அம்மாவிடம் நேரில் சொல்லி, மகளுக்கு முதலில் பரிமாறச் சொல்லுங்கள். முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். தட்டம்மைத் தடுப்பூசியை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

ரத்தப் பரிசோதனையில் மகனுக்கு 14 பொருள் ஆகாது என்று வந்திருக்கிறது. பால், கோதுமை, துவரம்பருப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் இவற்றைத் தினமும் சாப்பிடுகிறான், ஒன்றும் செய்யவில்லை. நிறுத்திவிடவா?
– வாசகர், கோட்டையூர்

நிறுத்த வேண்டாம். அந்தச் சோதனை உடலில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டுகிறது. சாப்பிட்டால் பாதிப்பு வரும் என்பதை அல்ல. நன்றாகத் தின்று செரிக்கும் பொருளை நிறுத்தினால் எடை குறையும். சில பிள்ளைகளுக்கு இடைவெளி விட்டு மறுபடி கொடுக்கும்போது அப்போதுதான் புதிதாக ஒத்துக்காமல் போகிறது. எதைத் தின்றான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகமான பொருளை மருத்துவமனையில், ஊசி கையில் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்து அவர் முடிவு சொல்வார். பள்ளிக்குக் கொடுக்கும் தாளில் அவர் உறுதி செய்த பெயர்கள் மட்டும் இருக்கட்டும். 14 பெயரை எழுதினால் சமையல்கூடத்தில் ஒன்றைக்கூட நினைவில் வைக்க மாட்டார்கள்.