இந்தியாவில் பழைய காரை விற்கும்போது காப்பீடும் சாலை வரியும் வாங்குபவருக்குத் தானாக மாறிவிடுமா?

வரி மாறிவிடும், காப்பீடு பாதிதான் மாறும். ஆயுள் வரி, அதாவது வண்டிக்கு ஒரே முறையாகக் கட்டும் சாலை வரி, வண்டியோடு சேர்ந்தது. அதே மாநிலத்தில் விற்றால் வாங்குபவர் மீண்டும் கட்ட வேண்டியதில்லை. வேறு மாநிலத்துக்குப் போகிறதென்றால் தடையில்லாச் சான்று வேண்டும், அங்கே புதிதாக வரி கட்ட வேண்டும்.

காப்பீட்டில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 157-இன்படி மூன்றாம் நபர் காப்பீடு (விபத்தில் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) வண்டியை விற்ற நாளிலிருந்தே புதியவருக்கு மாறியதாகக் கருதப்படும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படி மாறாது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெயரை மாற்ற வேண்டும். அதற்குள் கார் மோதி நொறுங்கினால் பழுதுச் செலவு அவர் தலையில் விழலாம்.

விற்பவர் கவனிக்க வேண்டியது இன்னும் பெரியது. பணம் வாங்கி, சாவியைக் கொடுத்தவுடன் பொறுப்பு முடிந்ததென்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் பல கைகள் மாறிய பிறகும் விபத்து இழப்பீடு முதல் உரிமையாளரைத் தேடிவந்த வழக்கு அது. ஆகவே உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, நீங்களே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். இடைத்தரகரை நம்பி விட்டுவிடாதீர்கள்.

'நோ கிளெய்ம் போனஸ்', அதாவது இழப்பீடு கோராமல் இருந்ததற்காகக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, விற்பவரான உங்களுடையது, காருடையதல்ல. அதற்கான சான்றிதழை நிறுவனத்திடம் கேட்டு வாங்கினால், மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு அந்தத் தள்ளுபடியைப் பயன்படுத்தலாம்.