உடம்புக்கு ஏதாவது என்றால் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம். பையன்களுக்கு வயது 9, 13. பள்ளி விட்டு வந்தால் மாலை வரை தனியாகத்தான் இருப்பார்கள். சென்ற வாரம் சின்னவனைத் தெருநாய் பிறாண்டியிருக்கிறது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்து ஊசி போட்டோம். எப்போது, எப்படி உதவி கேட்பது என்று இவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: மீதித் தவணை ஊசிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவன் ஏன் மறைத்தான் என்று விசாரித்தீர்களா? "அந்தப் பக்கம் உன்னை யார் போகச் சொன்னது?" என்ற கேள்விக்குப் பயந்திருப்பான். இல்லையென்றால், தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற தாத்தா காலத்துக் கதை காதில் விழுந்திருக்கும். இப்போது கையில்தான் போடுகிறார்கள், நான்கைந்து தவணைதான். இதை அவனிடம் சொல்லுங்கள்.

அறிகுறிகளை ஒப்பிக்க வைப்பதற்கு முன்னால், உடம்பைப் பற்றிச் சொன்னால் அன்றைக்குத் திட்டு கிடையாது என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். திட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அடுத்த வாரம் திட்டிக்கொள்ளலாம்.

நாய், பூனை, குரங்கு எதுவானாலும் பல்லோ நகமோ பட்டால், கீறல் சின்னதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. கழுவியதும் உங்களுக்குப் போன். அன்றைக்கே ஊசி.

பெரியவனிடம் அப்பா தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த வயதுப் பையன்களுக்குத் திடீரென்று விதைப்பைக்குள் விதை முறுக்கிக்கொண்டு கடுமையாக வலிக்கலாம். வெட்கப்பட்டு "வயித்து வலி" என்பார்கள். வாந்தியும் வரும், வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. "அங்கே வலித்தால் நடு ராத்திரியானாலும் எழுப்பு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சிலவற்றுக்கு அம்மா போனை எடுக்கும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது: ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத மூச்சிரைப்பு, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி. உடனே 108ஐ அழைத்துவிட்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். எந்த வீடு என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

மும்பையில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. முகவரி சொல்வதில்தான் தடுமாறுவார்கள். பிளாட் நம்பர் தெரியும், தெருப் பெயர் தெரியாது. கட்டடம், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது கடை என்ற வரிசையில் சொல்லப் பழக்குங்கள். எதிர்முனையில் இருப்பவர் வைக்கும்வரை போனை வைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆபரேட்டராக நடித்து, "எங்கேயிருந்து பேசுறே?" என்று இந்தியில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் வைத்துவிட்டுப் போகும் போன் பூட்டியிருந்தால், பூட்டைத் திறக்காமலே அவசர எண்ணை அழைப்பது எப்படி என்பதையும் அன்றே காட்டிவிடுங்கள்.