பத்தாம் வகுப்பு அறிவியல்: பன்னிரண்டு நாள்தான் இருக்கு

தம்பி, உயிரியல் ஓரளவு படிச்சுட்டேன், இயற்பியல் கணக்கைப் பார்த்தாலே பயம், வேதியியல் மறந்து போகுதுன்னு எழுதியிருக்கீங்க. பன்னிரண்டு நாள் போதும், பயப்படாதீங்க.

முதல்ல கணக்கு. எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். அதுல 22, 32 ரெண்டும் கட்டாய வினா, பெரும்பாலும் கணக்கா வரும். அதனால கணக்கை ஒதுக்கவே ஒதுக்காதீங்க. பசங்க தோத்துப் போறது சூத்திரத்துல இல்ல, குறியில. குவிலென்சு, குவியத்தூரம் 10 செ.மீ., பொருள் 20 செ.மீ. தூரத்துல. இங்க u (பொருளோட தூரம்) = –20. அந்தக் கழித்தல் குறியைப் போட்டா பிம்பத்தோட தூரம் 20 செ.மீ.னு சரியா வரும், விட்டுட்டா 6.67னு தப்பா வரும். என்கிட்டப் படிச்ச பிள்ளைகள்ல பாதிப் பேர் இந்த இடத்துலதான் மதிப்பெண்ணை விட்டாங்க. தினமும் காலையில மூணு கணக்கு, விடையைப் பார்க்காம, அலகோட எழுதுங்க.

வேதியியல்ல மோல் கணக்கை முதல்ல பிடிங்க. 36 கிராம் தண்ணீரை அதோட மூலக்கூறு நிறையான 18-ஆல வகுத்தா 2 மோல், அவ்வளவுதான். சமன்பாடுகளை வாயால படிக்காதீங்க, எழுதிப் பாருங்க. கரிமச் சேர்மங்களோட பெயரிடுதலுக்கு ஒரு முழு நாள் கொடுங்க.

உயிரியல்ல படம்தான். இதயத்தோட இடப்பக்கம் தாள்ல நம்ம வலப்பக்கம் வரும், இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) சுவரைத் தடிமனா வரையுங்க. பாகங்களைப் பென்சில்லயே குறிங்க.

ஒரு மதிப்பெண்ணுக்குப் புக் பேக் கேள்விகளை ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பாருங்க. எந்தப் பாடத்துக் கணக்கு சிக்குதுன்னு இங்கேயே போடுங்க, படிப்படியா போட்டுக் காட்டுறேன்.