மடிப்பு டிரெய்லரில் சமையலறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கூரையை இறக்கி, படுக்கைகளை உள்ளே தள்ளி, மடித்து இழுத்துச் செல்லும் கேம்பிங் டிரெய்லர்களின் சமையலறை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பல கேள்விகள் “இன்னும் எங்கே ஓர் அலமாரி வைக்கலாம்?” என்றுதான் தொடங்குகின்றன. நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் கூரையை இறக்கி முழுசாக மூடச் சொல்வேன். அதன் பிறகுதான் பேச்சு. திறந்து நிற்கும் வண்டியில் இடம் தாராளமாகத் தெரியும். அதை நம்பிச் செய்த மரவேலை கடைசியில் மூடும்போது முட்டிக்கொண்டு நிற்கும்.

பழைய மடிப்பு டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். உள்ளே சமையலறையே இல்லை. எந்த அளவிலிருந்து தொடங்குவது?

தரைக்கும், உள்ளே தள்ளிய படுக்கைப் பலகையின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள உயரத்திலிருந்து. கூரை வரைக்கும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு முனைகளிலும் வெளியே நீளும் படுக்கைகள், மூடும்போது உள்ளே வந்து அலமாரிகளின் தலைக்கு மேல்தான் உட்காரும். அதனால் உங்கள் உண்மையான உச்சவரம்பு அந்தப் பலகைதான். அதையும் ஓரிடத்தில் அளந்தால் போதாது. நான்கைந்து இடங்களில் அளந்து, இருப்பதிலேயே குறைவான எண்ணை எடுத்துக்கொண்டு, அதிலும் 2 செ.மீ. கழித்துவிடுங்கள். மழையில் நனைந்த கேன்வாஸ் ஒருநாளும் ஒழுங்காக மடியாது, அது புடைத்துக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும்.

அந்த உயரம் 66 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நின்றுகொண்டு வேலை செய்ய வசதியான சமையல் மேடையின் உயரம் சுமார் 90 செ.மீ. இந்த 24 செ.மீ. பள்ளத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் மடிப்பு டிரெய்லர் சமையலறையின் மொத்தப் பிரச்சினையும். வழி மூன்று. மேல்பாகத்தைக் கீல் போட்டுப் புரட்டலாம். மேடையை வெளிச்சுவரில் மாட்டிக்கொள்ளலாம். உயரத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி சமைக்கலாம். மூன்றாவதை யாரும் யோசிப்பதே இல்லை. இரண்டு பேர் மட்டும் போகும் சின்ன வண்டிக்கு அது மிக நல்ல வழி. எதிர்ப்பக்க இருக்கையில் உட்கார்ந்தபடியே அடுப்பும் சிங்கும் கைக்கு எட்டும்.

சிங்க், அடுப்பு இரண்டும் உள்ள மேல்பெட்டியைப் புரட்டும் முறையில் செய்யலாம் என்றிருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இந்த அமைப்பில் கீழ் அலமாரியின் முன்விளிம்பில் கீல் இருக்கும். பயணத்தின்போது மேல்பெட்டி அப்படியே கவிழ்ந்து நடைபாதைக்குள் இறங்கிக்கொள்ளும். முகாமில் தூக்கிப் புரட்டினால் அலமாரியின் தலையில் வந்து உட்காரும். எளிமையான, நல்ல அமைப்பு. ஆனால் கவிழ்ந்திருக்கும்போது அது கீழ் அலமாரியின் கதவுகளை மறைத்துவிடும். வழியில் ஓரமாக நிறுத்தி எடுக்க வேண்டிய குடிநீர், முதலுதவிப் பெட்டி, டார்ச் எதையும் அதற்குள் வைக்காதீர்கள்.

சிங்க் தலைகீழாகும் என்பதையும் மறக்க வேண்டாம். கழிவுநீர்க் குழாயின் வளைவில் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீராவது தங்கியிருக்கும். புரட்டும்போது அது தரைப்பலகையில் கொட்டும். சில மாதங்களில் பலகை ஓரம் கருத்து உப்பும். வளைவுக்குக் கீழே ஒரு சின்ன வடிகால் திருகு வைத்து, மடிக்கும் முன் திறந்துவிடுங்கள். சிங்கின் மேல் இருக்கும் தண்ணீர்க் குழாய்க்கு, படுக்கைவாட்டில் மடங்கிக்கொள்ளும் வகை கிடைக்கிறது. கண்ணாடி மூடிக்கு அடியில் அடங்கிவிடும்.

கீல் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெட்டியின் முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீல் போடுங்கள். இரண்டு தனிக் கீல்கள் போட்டால் சாலை அதிர்வில் திருகுகள் தளர்ந்து, பெட்டி ஒருபக்கமாகச் சாயும். தண்ணீர்க் குழாய் கீலுக்குப் பக்கத்தில் ஒரு தளர்வான வளையமாகப் போகட்டும். புரட்டும்போது அது மடங்கி நசுங்குகிறதா என்று பெட்டியை மெதுவாகப் பாதி தூக்கி நிறுத்தி, விரலால் தடவிப் பாருங்கள். எரிவாயு ஹோஸை அப்படி விடவே கூடாது. ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும் ஹோஸ் விரிசல் விடும். அடைப்பானோடு கூடிய கழற்றி மாட்டும் இணைப்பு வைத்து, மடிக்கும் முன் கழற்றிவிடுங்கள். இந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். ஐரோப்பாவில் ஈ.என். 1949, அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1192 என்று இதற்குத் தனி விதிகளே உண்டு.

கண்ணாடி மூடி பற்றியும் ஒரு வார்த்தை. மூடினால் மேடைப் பரப்பு கூடும், நல்லதுதான். பர்னர் சூடாக இருக்கும்போது மட்டும் மூடக் கூடாது; கடினக் கண்ணாடியும் சூட்டில் சிதறும்.

அடுப்பு உள்ளேயா, வெளியேயா? வீட்டில் இதே சண்டை.

இரண்டும் முடியும் என்பதால் சண்டை வேண்டாம். ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், தயங்காமல் வெளியே என்பேன்.

எரிவாயு எரிந்தால் தண்ணீர் உண்டாகும். 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி. பாத்திரத்திலிருந்து வரும் ஆவி அதற்கு மேல். வீட்டில் இது கண்ணில் படாது. குளிர்ந்த கேன்வாஸ் சுவருக்குள் சமைத்தால் அத்தனையும் துணியில் படிந்து, காலையில் படுக்கை ஓரம் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தோடு மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் விட்டால் கருப்புப் புள்ளி விழுந்துவிடும். விழுந்த பூஞ்சையைக் கேன்வாஸிலிருந்து முழுசாக எடுப்பது மிகவும் கஷ்டம். எண்ணெய்ப் புகையும் அப்படித்தான், துணி உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொன்று, எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் சுமார் 1.5 மடங்கு, பியூட்டேன் 2 மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால்தான் தரையோரம் துளைகள் வைக்கிறார்கள். அவற்றை அடைத்துக்கொண்டு அலமாரி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பூச்சி வருகிறதாம். பூச்சிக்கு வலை போடுங்கள், துளையை மூடாதீர்கள். கசிவு எச்சரிக்கைக் கருவி தரைக்கு அருகில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வேறொரு கருவி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

இடத்தையும் மிச்சப்படுத்தி சண்டையையும் தீர்க்கும் வழி, கழற்றும் அடுப்பு. நல்ல நாளில் வெளிச்சுவரில் உள்ள தண்டவாளத்தில் மாட்டலாம், மழை நாளில் உள்ளே கொண்டுவரலாம். வெளியே மாட்டினாலும் நீளும் படுக்கைக்குக் கீழே வேண்டாம். அங்கே மேலே இருப்பது பலகையும் துணியும். உள்ளே எரிக்கும்போது எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சார், இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

முகாம் இடத்தில் மின் இணைப்பு இருந்தால் சரி. பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால் கணக்கைப் பாருங்கள்: 1,800 வாட் அடுப்புக்கு 12 வோல்ட்டில் 150 ஆம்பியர். இன்வெர்ட்டர் இழப்பு இன்னும் அதற்கு மேல். சாதாரண 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி இதைத் தாங்காது. பெரிய லித்தியம் பேட்டரிகளும் தடித்த கம்பிகளும் போட்டால் முடியும், ஆனால் நீங்கள் மிச்சப்படுத்திய இடத்தை அவை எடுத்துக்கொள்ளும்.

ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறேன். மூன்று வழியில் ஓடுவதா, கம்ப்ரெசர் வகையா? எது குறைந்த இடம் பிடிக்கும்?

மூன்று வழி என்று சொல்லும் உறிஞ்சு வகை ஃபிரிட்ஜ் எரிவாயுவிலும், 12 வோல்ட்டிலும், வீட்டு மின்சாரத்திலும் ஓடும். 1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய முறை இது. உள்ளே சுழலும் பாகம் ஒன்றுமில்லை, சத்தம் கிடையாது. எரிவாயுவில் ஓடும்போது பேட்டரியைப் பெரிதாகத் தொடாது.

ஆனால் இடக் கணக்கில் அது உங்களுக்கு எதிரி. பின்பக்கம் சூடு மேலேற வழி விட வேண்டும், கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு. வீட்டு வடிவிலான கேரவன்களில் மேல் திறப்பைக் கூரையில் வைக்கலாம். இங்கே கூரையே இறங்கிவிடுவதால் இரண்டையும் உயரம் குறைந்த பக்கச்சுவரிலேயே வைத்தாக வேண்டும். வெயில் நாளில் குளிர்ச்சி குறையும். வண்டி சமதளமாக நிற்காவிட்டாலும் சரியாக ஓடாது. 12 வோல்ட்டில் ஓட்டினால் 10 ஆம்பியர் அளவில் நிற்காமல் இழுக்கும்.

கம்ப்ரெசர் வகை ஓடும்போது 4 ஆம்பியர் அளவில் இழுத்து, குளிர்ந்ததும் நின்றுவிடும். மிதமான வானிலையில் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணி என்று கணக்கு வைத்தால் 40 லிட்டர் பெட்டிக்குப் பெரும்பாலும் போதும். மின் இணைப்போ ஒரு நல்ல சோலார் தகடோ இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். மேல்பக்கம் திறக்கும் பெட்டி வடிவமாக வாங்கி, அலமாரிக்கு அடியில் இழுப்பறைச் சட்டத்தில் வையுங்கள். வெளியே இழுத்துத் திறந்தால் தலைக்கு மேல் இடைவெளி விடத் தேவையில்லை. சாமான் நிரம்பிய பெட்டி 40 கிலோவைத் தொடும் என்பதால் சட்டத்தின் தாங்குதிறன் அதைவிட நன்றாகக் கூடுதலாக இருக்கட்டும். உள்ளே தள்ளினாலும் வெளியே இழுத்தாலும் இரண்டு நிலையிலும் பூட்டிக்கொள்ளும் சட்டமாகப் பாருங்கள். சரிவில் நிறுத்தும்போது தெரியும் அதன் அருமை.

எனக்குப் பின்பக்கக் கதவைத் திறந்தால் முழுச் சமையலறையும் வெளியே வருகிற மாதிரி வேண்டும். தண்ணீர் டேங்கையும் அங்கேயே வைத்துவிடலாமா?

சமையலறை வரலாம், டேங்க் வேண்டாம். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 40 லிட்டர் டேங்கைச் சக்கர அச்சுக்குப் பின்னால் கடைக்கோடியில் வைத்தால், முன்னால் இணைப்புக் கொக்கியில் இறங்கும் எடை குறையும். அந்த எடை வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்கப் பழக்கம்; ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். உங்கள் வண்டிக்கும் இழுக்கும் காருக்கும் கையேட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது குறைந்துபோனால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். டேங்கை அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னாலோ தரைமட்டத்தில் வைத்து, குழாயை மட்டும் பின்னால் கொண்டுபோங்கள். அப்புறம், மின்சாரப் பம்புக்குப் பதில் காலால் மிதிக்கும் பம்ப் வைத்துப் பாருங்கள். கை இரண்டும் காலியாக இருக்கும், மிதிக்கும்போது மட்டும் தண்ணீர் வரும். அதே டேங்க் கூடுதல் நாள் வரும்.

எத்தனை மி.மீ. பிளைவுட்?

வீட்டு மரவேலைக்காரர் 18 மி.மீ. என்பார். பிர்ச் பிளைவுட்டில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ. 9 மி.மீ. பாப்லர் பிளைவுட் சுமார் 4 கிலோதான். ஆனால் தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் வெறும் பலகையாக விடாமல் ஓரங்களில் சட்டம் ஒட்டி, திருகு ஏறும் இடங்களில் உள்பக்கம் ஒரு துண்டு சேர்க்க வேண்டும். மேடைக்கு மட்டும் 12 மி.மீ. போதும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம். கனமும் அதிகம், ஈரம் பட்டால் உப்பும்.

பாத்திரங்களை எல்லாம் இருக்கைக்கு அடியில்தான் வைத்திருக்கிறோம். எடுக்கும்போதெல்லாம் யாராவது எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. ராத்திரி படுக்கை போட்டுவிட்டால் ஒரு டம்ளர்கூட எடுக்க முடியவில்லை.

இருக்கையின் மேல்மூடியைத் திறக்கும் அமைப்பு என்பதால்தான் இந்தக் கஷ்டம். சாப்பாட்டு மேசை இறங்கி இரண்டு இருக்கைக்கும் நடுவே படுக்கையாகிவிட்டால் மூடிக்கு மேல் மெத்தை. இருக்கையின் குறுகிய பக்கம், அதாவது நடைபாதையைப் பார்க்கும் முனை, எப்போதும் திறந்தே இருக்கும். அங்கே ஒரு கதவு வெட்டி, ஆழமான ஓர் இழுப்பறை வையுங்கள். அடிக்கடி எடுக்கும் டம்ளர், தட்டு, கத்தி, தேநீர்ச் சாமான் எல்லாம் அதில். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், கைப்பிடி கழலும் பாத்திரங்கள் மேல்மூடிக்கு அடியிலேயே இருக்கட்டும். தாழ்ப்பாள் அழுத்தித் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். காந்தப் பூட்டு சாலைக் குலுங்கலில் விட்டுவிடும்.

நிரந்தரமாக எதையும் கட்டாமல், பெட்டிகளாகவே சமையலறையை வைத்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக. இருக்கிற சமையலறையைக் கழற்றிவிட்டு இதற்கு மாறியவர்களும் உண்டு. அடுப்புக்கு ஒரு பெட்டி, பாத்திரத்துக்கு ஒன்று, கழுவும் தொட்டிக்கு ஒன்று. மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தால், ஒரு மடிப்புச் சட்டத்தின் மேல் வரிசையாக வைக்கும்போது அவையே மேடையாகிவிடும். ஒவ்வொன்றும் நிரம்பிய பின் 12 கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். வாசல்படியில் திரும்பி இறங்கும்போது அதற்கு மேல் இடுப்புக்கு ஆகாது. மடித்த வண்டிக்குள் பெட்டிகளை நடைபாதையில் வைத்து, தரையில் பதித்த கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்கிவிட வேண்டும். கதவு பக்கமாக வைத்தால் கூரையைத் தூக்காமலே கையை நீட்டி அடுப்புப் பெட்டியை எடுக்கலாம். வழியில் நிறுத்தித் தேநீர் போட அதுவே போதும்.